பத்மினியின் இடப்பக்கம்

என்னிடம் ஒரு பத்மினி கார் இருக்கிறது. இப்போது அது மிக நன்றாக ஓடுகிறது. என் வருத்தமே அதுதான்.

சொன்னால் சிரிப்பார்கள். பழைய கார் வைத்திருக்கிற யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வண்டி நடுவழியில் நின்ற கதையைத்தான் ஆசையாகச் சொல்வார்கள். என்னிடமும் அப்படிக் கதைகள் நிறைய உண்டு. பாதி என்னுடையவை, மீதி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளுடையவை. அவளும் என்னைப் போல ஓர் ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் தேனியிலிருந்து மயிலாடும்பாறைப் பள்ளிக்கு இந்தக் காரில் ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்பினோம். ஓய்வு பெற்ற பிறகு அவள் மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டாள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அந்தந்த நேரத்தில் வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆகவே அவள் போன பிறகு, அவளுடையது என்று என்னிடம் மிஞ்சியது காரின் இடப்பக்கம் மட்டும்தான். அதை நானே, யாரும் கட்டாயப்படுத்தாமல், தொலைத்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கார் வாங்கியபோது எனக்கு முப்பத்தாறு வயது. தேனியில் ஒரு பஞ்சாலை மேலாளர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி. வெளிர் மஞ்சள் நிறம், முன்பக்கம் ஒரே நீளச் சீட்டு, ஸ்டியரிங்கிலேயே கியர். பள்ளியில் ஆண் ஆசிரியர்கள் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த காலம். நான் காரைக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் நிறுத்தியதும் ஆசிரியர் அறையில் இரண்டு நாளைக்கு அதுதான் பேச்சு. தலைமை ஆசிரியர் கூப்பிட்டு, "பாத்து ஓட்டுங்கம்மா, இது ஒங்க வகுப்பு இல்ல, சொன்ன ஒடனே கேக்குறதுக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடுத்த மாதமே மழையில் அவரையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. 

அவள் கணக்கு டீச்சர். என்னைவிட மூன்று வயது இளையவள். நான் தமிழ். கார் வந்த முதல் நாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "யக்கா, நாளைக்கு எத்தன மணிக்குக் கெளம்புவ?" என்று கேட்டாள். நானும் வரட்டுமா என்று கேட்கவில்லை. வருவதை முடிவு செய்துவிட்டு நேரத்தை மட்டும் கேட்டாள். அதுவரை எங்களுக்குள் பெரிய பழக்கமில்லை. எனக்கு அந்த உரிமை பிடித்திருந்தது. ஏழே காலுக்கு என்றேன். மறுநாள் ஏழு மணிக்கே என் வீட்டு வாசலில் நின்றாள்.

பத்மினிக்கு ஒரு வியாதி உண்டு. வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். மாசி, பங்குனி வெயிலில் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி இரண்டு முறை இருமும், மூன்றாவது முறை நின்றுவிடும். மருந்து எளிதானது. பானட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்பின் மேல் சுற்றி, பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். கடமலைக்குண்டு தாண்டி, மாலை நாலரை மணி வெயிலில், வாரத்துக்கு இரண்டு நாளாவது இது நடக்கும். ஈரத்துணி போடுவது அவள் வேலை. இதற்கென்றே பழைய பள்ளிக்கூடத் திரைச்சீலை ஒன்றைக் கிழித்துக் காலடியில் வைத்திருப்பாள். தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு இறங்கி, சேலையை இடுப்பில் செருகி, பம்புக்குத் துணியைச் சுற்றிவிட்டு, "காய்ச்சக்காரிக்குப் பத்துப் போட்டாச்சு" என்பாள். பிறகு இரண்டு பேரும் சாலையோரப் புளியமரத்தடியில் உட்காருவோம்.

அந்தப் பத்து நிமிடங்களில்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம். அவள் மாமியாரைப் பற்றி, கணவரின் கோபத்தைப் பற்றி, கலைந்துபோன முதல் கர்ப்பத்தைப் பற்றி அங்கேதான் சொன்னாள். நான் யாரிடமும் சொல்லாத ஒன்றிரண்டை அங்கேதான் சொன்னேன். வண்டி எப்போதோ ஆறியிருக்கும். நாங்கள்தான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்போம். காற்றாலைகளின் நிழல் சோளக்காட்டில் நீளும்போது, "யக்கா, எந்திரி, வீட்டுல தேடுவாக" என்று அவள்தான் முதலில் எழுவாள். என்னை வீட்டில் யாரும் தேடப் போவதில்லை. ஆனாலும் அவள் சொன்னதும் எனக்கும் அவசரம் வந்துவிடும்.

அவள் கோயம்புத்தூர் போன புதிதில் தினமும் போன் செய்வாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். கணவர் தவறிப்போய்விட்டார், மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறார்கள், பேரனைப் பள்ளிக்கு அனுப்புவதிலிருந்து இரவு சோறு ஊட்டுவது வரை அவள் தலையில். நான் குறை சொல்லவில்லை. குறை சொல்லவில்லை என்று சொல்கிறேனே தவிர மனதுக்குள் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

தனியாக இருப்பவர்களுக்குக் காலை நேரம் சமாளிக்கக்கூடியது. தண்ணீர் பிடிக்க வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், உழவர் சந்தைக்குப் போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல்தான் வீடு பெரிதாகிவிடுகிறது. சந்தையில் கத்தரிக்காய்க்காரரிடம் நாலு வார்த்தை பேசலாம் என்று ஆரம்பித்தால் அவருக்கு அடுத்த ஆள் காத்திருப்பார். பேங்கில் வேலை செய்யும் பெண்ணிடம் வெயிலைப் பற்றிச் சொன்னால் அவள் சிரித்துவிட்டு டோக்கன் எண்ணை அழைப்பாள். நாலு மணிக்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளாது. காரை எடுத்துக்கொண்டு பழைய பள்ளி வழியில், சாலை பிரிகிற கண்டமனூர் விலக்கு வரை போய்த் திரும்புவேன். வேலை ஒன்றும் கிடையாது. போகும்போதும் வரும்போதும் இடப்பக்கம் பார்த்து ஏதாவது சொல்வேன். எதிரே வருகிற பஸ் டிரைவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

இப்படியிருக்கையில் கார்புரேட்டருக்கு ஒரு சின்னச் சாமான் தேவைப்பட்டது. தேனியில் எங்கும் கிடைக்கவில்லை. என் மெக்கானிக்தான் ஒரு வாட்ஸப் குழுவைப் பற்றிச் சொன்னார். பழைய கார் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள், கேட்டால் எங்கிருந்தாவது எடுத்துக் கொடுப்பார்கள் என்றார். சேர்ந்தேன். எல்லாரும் ஆண்கள். கம்பம், போடி, பெரியகுளம், மலைக்கு அந்தப் பக்கம் குமுளி, கட்டப்பனை. நான் சேர்ந்த அன்று ‘வெல்கம் மேடம்’ என்று போனில் பூங்கொத்தாக வந்து விழுந்தது. அன்று மட்டும் போன் பேட்டரி இரண்டு முறை தீர்ந்தது.

அந்த மனிதர்களின் வாதங்களைக் கேட்க வேண்டுமே. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடுகிறது என்று ஒருவர் எழுதுவார். அதெல்லாம் கட்டுக்கதை என்று இன்னொருவர். சக்கரத்து மூடி எந்த வருடத்தில் எந்த வடிவம் என்று மூன்று நாள் சண்டை நடக்கும். எதைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒரே ஒரு வார்த்தையில் வந்து நிற்பார்கள்: ஒரிஜினல். இந்த ஹாரன் ஒரிஜினலா, இந்தப் பெயிண்ட் ஒரிஜினலா, இந்த ஸ்க்ரூ ஒரிஜினலா. ஸ்க்ரூவைக் கூட விடமாட்டார்கள். எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு ராத்திரி படுக்கும்முன் கடைசியாகப் பார்ப்பதும் காலையில் முதலில் பார்ப்பதும் அந்தக் குழுவாகிவிட்டது. யாரோ என்னைக் கூப்பிட்டு ஏதோ ஒன்றைப் பற்றி அபிப்பிராயம் கேட்டு எத்தனை காலமாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்துக்கு வெளியே ஒரு திராட்சைத் தோட்டத்தில் எல்லா வண்டிகளும் கூடுவதாக ஏற்பாடு. நான் போனேன். சாரல் விட்டிருந்தது. பந்தலில் திராட்சை கறுத்துத் தொங்கியது. அம்பாசிடர்கள், ஜீப்புகள், இரண்டு மூன்று பத்மினிகள். எல்லாம் அப்படி மினுக்கின. வண்டிகளுக்கு மார்க் போடுவதற்கென்று ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற இன்ஜினியர். கையில் டார்ச், அட்டையில் செருகிய தாள். என் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இடப்பக்கக் கதவைத் திறந்தார்.

டேஷ்போர்டின் மேல் அவள் மாட்டிய சின்ன மின்விசிறி. "இது கம்பெனில வந்ததில்லையே மேடம்" என்று எழுதிக்கொண்டார். கதவின் உள்பக்கக் கைப்பிடி ஒரு மழைநாளில் உடைந்தபோது அவள் தன் சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தாள். அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். வெயில் மறைப்பைக் கீழே இறக்கினார். அதில் வரிசை வரிசையாக ஸ்டிக்கர் பொட்டுகள். பள்ளி விட்டு ஏறியதும் முகம் துடைக்க அவள் பொட்டை எடுத்து அங்கேதான் ஒட்டுவாள், பாதி நாள் திரும்ப எடுக்க மறந்துவிடுவாள். அவர் என் நெற்றியைப் பார்த்தார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. முன் சீட்டின் இடப்பக்கம் அமுங்கிக் கிடப்பதையும் கையால் அழுத்திப் பார்த்து எழுதினார். மொத்தம் நூற்றுக்கு முப்பத்திரண்டு.

பள்ளியில் முப்பத்திரண்டு எடுத்த பிள்ளைக்கு நான் எங்கேயாவது மூன்று மார்க் தேடிப் போட்டுத் தேற்றிவிடுவேன். இவர் தேற்றவில்லை. கட்டப்பனைக்காரர் ஒருவர் மட்டும் அருகில் வந்து, "டீச்சரே, வண்டி நல்லதாணு. பக்ஷே ஒரிஜினல் அல்லல்லோ" என்று மலையாளத்தில் ஆறுதல் சொன்னார். நல்ல வண்டிதான், ஆனால் ஒரிஜினல் இல்லையாம். சாப்பாட்டு நேரத்தில் அவரவர் வண்டிப் பக்கத்தில் மனைவி பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் தட்டை மடியில் வைத்துக்கொண்டு முப்பத்திரண்டு மார்க் காரில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். முப்பத்தைந்து வருடம் மார்க் போட்ட கை இது. அவமானத்தை என்னால் விழுங்க முடியவில்லை. காரைச் சரி செய்துவிட்டால் இவர்களில் ஒருத்தியாகிவிடலாம், அடுத்த முறை யாராவது என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்வார்கள் என்று திரும்பும் வழியில் முடிவு செய்தேன்.

மதுரையில் ஒரு பட்டறையில் விட்டேன். பழைய வண்டிகளை மட்டும் எடுத்துச் செய்கிறவர்கள். வேலையைப் பார்த்துக்கொண்டவர் நிதானமான மனிதர், எதையும் கேட்காமல் தொடமாட்டார். நான் அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "கம்பெனிலருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்குங்க."

அதன்பிறகு அவர் போன் செய்துகொண்டே இருந்தார்.

"மேடம், டேஷ்போர்டு மேல குட்டி ஃபேன் ஒண்ணு இருக்கு."

"எடுத்துருங்க."

"இடப்பக்கக் கதவுல துணி கட்டிருக்கு."

"அதெல்லாம் கேக்கணுமா? அவுத்துப் போட்டுட்டுப் புதுக் கைப்பிடி போடுங்க."

"வெயில் மறைப்புல நெறயப் பொட்டு ஒட்டிருக்கு மேடம். தொடச்சா கறை நிக்கும். மாத்திரவா?"

அதற்கு மட்டும் நான் கொஞ்சம் யோசித்தேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இன்ஜினியர் என் நெற்றியைப் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. "மாத்திருங்க" என்றேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி. "தரைத் தகடு இடப்பக்கம் போயிருச்சு. ரப்பர் மேட்டு, சீட்டு ஸ்பிரிங்கு, நாரு எல்லாத்தையும் சேத்துப் புதுசாப் போட்டுரலாம். பெரிய வேல. வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றீகளா?"

"வீட்டுல நாந்தேன்" என்றேன். "போட்டுருங்க."

தயங்காமல் பதில் சொல்கிறேன் என்று எனக்கு என் மேலேயே ஒரு மதிப்பு. அதை நினைத்தால் இப்போதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஐந்து மாதம் கழித்து வண்டி வந்தது. எதிர்வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், எனக்கு வணக்கம் கூடச் சொல்லாத மாடிவீட்டுக்காரர் எல்லாரும் வெளியே வந்தார்கள். "டீச்சர், புதுசா?" என்று கேட்டார்கள். பழசுதான் என்றேன் பெருமையாக. அரைமணி நேரம் தெருவே என்னிடம் பேசியது. பிறகு அவரவர் வீட்டுக்குள் போய்விட்டார்கள். நான் துணியை நனைத்து, தூசே இல்லாத வண்டியைத் துடைக்க ஆரம்பித்தேன். இடப்பக்கக் கதவைத் திறந்து காலடியைத் துடைக்கக் குனிந்தேன். புது ரப்பர் மேட், கறுப்பாக, வரிவரியாக. கை அப்படியே நின்றுவிட்டது.

அவளுக்கு என் ஓட்டுதலில் கடைசிவரை நம்பிக்கை வந்ததில்லை. இருபத்திரண்டு வருடமும் அவள் தன் பக்கம் ஒரு பிரேக் இருப்பதாக நினைத்து மிதித்துக்கொண்டே வந்தாள். லாரி வந்தால் மிதிப்பாள், ஆடு வந்தால் மிதிப்பாள், நூறு அடி தள்ளி ஒரு சைக்கிள் வந்தாலும் மிதிப்பாள். "ஏண்டி, அங்கன ஏதுடி பிரேக்கு?" என்று நான் கத்துவேன். "எனக்குத் தெரியும், நீ ரோட்டப் பாரு" என்பாள். வலது குதிகால் படுகிற இடத்தில் ரப்பர் மேட் தேய்ந்து ஓட்டையாகி, வேறு மேட் போட்டு, அதுவும் ஓட்டையாகி, அடியில் தகடு பளபளவென்று தெரிந்தது. பிறகு தகடும் மெலிந்து அதில் ஒரு சின்னத் துவாரம் விழுந்தது. மழைக்காலத்தில் அதன்வழியே தண்ணீர் தெறிக்கும், அவள் பாதத்தைத் தூக்கிக்கொள்வாள். அவள் ஊரைவிட்டுப் போன பிறகு நான் பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் கண் தானாக அந்த இடத்துக்குப் போய்விட்டு வரும்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒரிஜினல் என்றால் கம்பெனியிலிருந்து வெளியே வந்த அன்று இருந்தபடி. அந்த நாளில் அவள் இந்தக் காரைப் பார்த்ததே இல்லை. நானும் பார்த்ததில்லை. எங்கள் இரண்டு பேரையும் சுரண்டி எடுத்துவிட்டு மேலே பெயிண்ட் அடித்துக் கொடுங்கள் என்று நானே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் போனில் சம்மதம் வேறு கொடுத்திருக்கிறேன். தெருவில் நின்றுகொண்டு அழுதேன். மாடிவீட்டுக்காரர் பார்த்திருப்பார். பார்த்தால் பார்க்கட்டும்.

பட்டறைக்காரருக்குப் போன் போட்டேன். பழைய சாமான் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சு மேடம்" என்றார். பிறகு, "நீங்கதேன எடுக்கச் சொன்னீக?" என்றார். ஆமாம், நான்தான் சொன்னேன். அந்த மனிதர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த கூட்டத்தில் எனக்குத் தொண்ணூற்றாறு மார்க். கோப்பை கொடுத்தார்கள். போட்டோவுக்கு நடுவில் நிற்க வைத்தார்கள். பெரியகுளத்துக்காரர் ஒருவர் தன் குடும்பத்தோடு சாப்பிட என்னைக் கூப்பிட்டார். நான் ஆசைப்பட்ட இடம் அதுதான். "இந்த வண்டிக்குப் பின்னாடி ஒரு கத இருக்குமே மேடம்" என்று அவர் கேட்டதும் நான் உற்சாகமாக ஆரம்பித்தேன். பங்குனி வெயில், கடமலைக்குண்டு, வண்டி நின்றது, அவள் ஈரத்துணியோடு இறங்கியது வரை சொன்னேன். "பம்பு மேல அலுமினியத் தகடு வச்சா அந்தப் பிரச்சன வராது மேடம்" என்றார். அவர் மனைவி எனக்கு இன்னொரு கரண்டி பிரியாணி வைத்தார். நல்ல மனிதர்கள். அதற்குமேல் நான் கதை சொல்லவில்லை.

கோப்பையின் படத்தை அவளுக்கு அனுப்பவில்லை. கார் மாறிப்போனதையும் சொல்லவில்லை. எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு தடவை வந்து அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் போதும். ஒரு தடவை என் ஓட்டுதலுக்குப் பயந்து காலால் மிதித்தால் போதும். வண்டி மறுபடியும் எங்களுடையதாகிவிடும். குழந்தைத்தனமான நினைப்புதான். ஆனால் தை மாதம் அவள் போன் செய்து, "யக்கா, புதன்கெழம தேனிக்கு வாரேன், சொந்தத்துல ஒரு கல்யாணம்" என்றபோது, மண்டபம் எது, முகூர்த்தம் எத்தனை மணிக்கு என்று உடனே கேட்டுக் குறித்துக்கொண்டேன். அவள் வருகிறேன் என்று சொல்வதைக் கேட்கவே காத்திருந்திருக்கிறேன்.

காலை முகூர்த்தம். பதினோரு மணி பஸ்ஸுக்கு அவள் திரும்ப வேண்டும், சாயங்காலம் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆளில்லை. எட்டரைக்கே நான் மண்டபத்து வாசலில் காரை நிறுத்திக்கொண்டு இறங்கி நின்றேன். பட்டுச்சேலையில், ஒரு தோளில் கைப்பையும் ஒரு கையில் தேங்காய்ப் பையுமாக வந்தாள். இளைத்திருந்தாள். முழங்கால் வலியோடு படியிறங்கினாள். என் கையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கடந்து தெருவைப் பார்த்தாள்.

"எங்கக்கா நம்ம வண்டி?"

"இந்தா நிக்குதுல்ல."

அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பவும் காரைப் பார்த்தாள். "அம்மாடி! இதா? புதுப் பொண்ணு கணக்கா ஆக்கிட்டியே" என்று கையை நெட்டி முறித்தாள். நான் போய் இடப்பக்க முன்கதவைத் திறந்து பிடித்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டைத் தொடப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, முன்கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்தாள்.

"முன்னாடி வாடி" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. கையெல்லாம் சந்தனமும் எண்ணெயுமா இருக்கு. இம்புட்டு அழகா வச்சிருக்க, அப்பிருச்சுன்னா என்ன பண்ண? நான் இங்கனயே உக்காந்துக்கிறேன்."

அப்போது நான் அவள் கையைப் பிடித்து இழுத்து முன்னால் உட்கார வைத்திருக்க வேண்டும். சந்தனமும் எண்ணெயும் சீட்டெல்லாம் அப்பட்டும் என்று கத்தியிருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் கத்துகிற எனக்கு அன்று வாய் வரவில்லை. மண்டபத்துக்கு வந்த வேன் பின்னால் நின்று ஹாரன் அடித்தது. நான் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தேன்.

நேரமிருந்ததால் கண்டமனூர் விலக்கு வரை போய்த் திரும்பலாம் என்றேன், சரி என்றாள். கண்ணாடியில் அவள் முகம் பாதிதான் தெரிந்தது. பேரனைப் பற்றிச் சொன்னாள். மருமகள் நல்ல மாதிரி என்றாள். முழங்காலுக்கு ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள் என்றாள். பின் சீட்டிலிருந்து பேசுகிறவருக்கு முன்னால் இருப்பவரின் பிடரிதான் தெரியும், அதனாலோ என்னவோ எல்லாவற்றையும் சுருக்கமாகச் சொன்னாள். நான் தலையை ஆட்டிக்கொண்டே ஓட்டினேன். வழியில் சாலையைக் கடக்க ஓர் ஆடு நின்றது. தூரத்திலேயே பார்த்துவிட்டேன், ஆனாலும் அருகில் போய்ச் சடாரென்று பிரேக் அடித்தேன். வேண்டுமென்றேதான் அடித்தேன். பின்னால் அவள் கால் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. பின் சீட்டில் இருப்பவரின் கால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது. "பாத்துக்கா" என்று மட்டும் சொன்னாள்.

விலக்கில் திரும்பும்போது, நிறுத்தி டீ குடிக்கலாமா என்று கேட்டேன். மணி பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். வண்டி வழியில் எங்கும் நிற்கவில்லை. ஒரு இருமல் கூட இல்லாமல் பத்தரை மணிக்கே எங்களைப் புது பஸ் நிலையத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டது.

அவள் முதலில் செருப்பைத் தரையில் போட்டு, காலை நுழைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். தான் உட்கார்ந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்துவிட்டாள். சுற்றிக்கொண்டு என் பக்கத்து ஜன்னலுக்கு வந்து குனிந்து என் கையைத் தொட்டாள்.

"ரொம்பத் தேங்க்ஸ்க்கா. ஒனக்குத்தேன் செரமம்" என்றாள்.

இருபத்திரண்டு வருடம் தினமும் இரண்டு வேளை அந்த வண்டியிலிருந்து இறங்கிப் போனவள். ஒரு நாள்கூட எனக்கு அவள் தேங்க்ஸ் சொன்னதில்லை.

"பரவாயில்ல" என்றேன் நானும்.